சிங்கப்பூர் வெயிலில் டிஜெரிடூவுக்கு எந்த மெழுகு?

டிஜெரிடூ ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நீண்ட ஊதுகுழல். அதன் ஊதுவாய்க்கு, உதடு சரியாகப் பொருந்துவதற்காக, மெழுகு வைப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னவை. மெழுகைச் சட்டைப்பையில் வைத்து உடம்புச் சூட்டில் இளக்கு, உள்ளங்கையில் வெகுநேரம் பிசை, எண்ணெய் சேர்த்து மென்மையாக்கு என்றெல்லாம் சொல்வார்கள். இதை அப்படியே நம்பிச் செய்தால், மதியம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஊதும்போது மெழுகு உதட்டோடு சேர்ந்து நகரும்.

காரணம் எளிது. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். ஆனால் 35 டிகிரியை நெருங்கும்போதே அது விரலுக்கு வளைந்துகொடுக்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் மதிய வெப்பம் 31, 32. உதட்டின் சூடும் வெளிவிடும் மூச்சின் சூடும் அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரி. ஆக, நாம் ஊதத் தொடங்கும்போதே மெழுகு விளிம்பில் நிற்கிறது. அதே குழாயை ஏர்கான் 24இல் ஓடும் படுக்கையறைக்குக் கொண்டுபோனால் மெழுகு இறுகி, பிவிசி குழாயிலிருந்து வளையமாகக் கழன்று வரும். வெளியே 32, உள்ளே 24 என்று நாளுக்கு நாலு தடவை மாறும் நமக்கு, இரண்டையும் தாங்கும் மெழுகு வேண்டும். அதனால் மெழுகு விற்பவர் உருகுநிலையைச் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு, எந்தச் சூட்டில் இளகும் என்பதையும் கேளுங்கள். நமக்கு உதவுவது இரண்டாவது எண்தான்.

முதலில், மெழுகு வேண்டுமா?

இதை யாரும் கேட்பதில்லை. குழாயின் வாய் உள்விட்டம் 28 முதல் 32 மில்லிமீட்டருக்குள் இருந்து, விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் மெழுகு இல்லாமலே ஊதலாம். ஆஸ்திரேலியாவின் வடக்கே, அர்ன்ஹெம் லேண்டில் யொல்ங்கு மக்கள் யிடாகி என்று அழைக்கும் மூலக் கருவியில், கறையான் உள்ளே அரித்த யூகலிப்டஸ் மரத்தின் வாயையே செதுக்கித் தேய்த்து அப்படியே ஊதுகிறவர்கள் நிறையப் பேர். வாய் கொஞ்சம் அகலமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால்தான் மெழுகு.

இங்கே நம்மில் பலர் தொடங்குவது ஹார்ட்வேர் கடை பிவிசி குழாயில். டிஜெரிடூவுக்கு ஏற்ற பருமனில் வாங்கினால் உள்விட்டம் 35ஐத் தாண்டிவிடும். அந்த வாயில் உதட்டை வைத்தால் காற்று கொட்டிப்போகும், பத்து விநாடிகூட ஓசை நிற்காது. அதற்கு மெழுகு கட்டாயம். மூங்கிலுக்கும் அப்படித்தான், வெட்டிய விளிம்பில் சிலாம்பு கிளம்பும்.

குறட்டைக்காக வாங்கியவர்கள் தனி ரகம். 2006ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சுவிட்சர்லாந்து மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லையும் குறட்டையும் உள்ள 25 பேரில் ஒரு பகுதியினர் நான்கு மாதம் டிஜெரிடூ பயின்றார்கள். அவர்களுக்குப் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது. அன்றிலிருந்து இந்தக் கருவியைத் தேடி வருபவர்களில் பாடகர்களைவிட மனைவியிடம் திட்டு வாங்கியவர்கள் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள், அது வேறு. ஆனால் தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள் ஏர்கானில் ஊதப்போகிறீர்கள் என்றால் உங்கள் மெழுகுத் தேர்வு, பூங்காவில் ஊதுகிறவருடையதிலிருந்து வேறுபடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மஞ்சள் தேன்மெழுகும் வெள்ளை மணிகளும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். தேன்கூட்டிலிருந்து உருக்கி வடிகட்டி அப்படியே கட்டியாக விற்பது மஞ்சள் மெழுகு. அழகுப்பொருள் செய்கிறவர்களுக்காக நிறம் நீக்கி, சின்னச் சின்ன மணிகளாக விற்பது வெள்ளை. இணையக் கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வெள்ளை பார்க்கச் சுத்தமாக இருப்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள்.

கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். மஞ்சளில் தேனீக்கள் மரங்களிலிருந்து கொண்டுவந்த பிசின் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் ஒட்டும் குணம் உண்டு. மரத்தையும் தேய்த்த பிவிசியையும் கவ்விப்பிடிக்கும். வளைத்தால் விரிசல் விடாமல் வளையும். வெள்ளையில் அந்தப் பிசின் பெரும்பாலும் போய்விட்டது. பிசைந்தால் ஓரங்களில் உதிரும், ஏர்கான் அறையில் கழன்று விழும். ஆனால் வெள்ளைக்கு ஒரு பெரிய தகுதி இருக்கிறது: அந்தப் பிசினுக்குச் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஊதி முடித்த பிறகு உதடு அரித்தாலோ தடித்தாலோ மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளைக்குப் போங்கள். அப்போதும் தொந்தரவு இருந்தால் மெழுகே வேண்டாம், மரத்தில் கடைந்த ஊதுவாய் போதும்.

மஞ்சளிலும் நிறம் பார்த்து வாங்க வேண்டும். புதுக்கூட்டின் மூடிகளிலிருந்து எடுத்தது வெளிர் மஞ்சள், வாசனை இதமாக இருக்கும். பழைய அடையிலிருந்து எடுத்தது பழுப்பேறி இருக்கும், பிசின் அதிகம், ஒட்டும் அதிகம். குளிர்நாட்டில் பழுப்பு மெழுகைத்தான் தேடி வாங்குவார்கள். நம் வெயிலுக்கு நடுத்தர மஞ்சளே சரி. பழுப்பு மெழுகு மதியத்தில் உதட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிடும், அப்படியே எம்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் எதிரில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வையை நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் கட்டியை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். தேனின் எச்சம் துளி இருந்தாலும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு எறும்புகள் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

மற்றவை

பாரஃபின், அதாவது சாதாரண மெழுகுவத்தி. தீபாவளிக்கு வாங்கி மீந்த மெழுகு விளக்குகள் எல்லார் வீட்டிலும் இருக்கும், அதை உருக்கினால் என்ன என்று தோன்றும். வேண்டாம். நிறமும் வாசனைத் திரவியமும் உதட்டில் படுவதற்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அது தவிர பாரஃபின் வளையாது, உடையும். சோயா மெழுகு இன்னும் மோசம்: கண்ணாடிக் குப்பியில் ஊற்றும் ரகம் 50 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும், நம் ஊர்ச் சூட்டில் கொழகொழவென்று ஆகிவிடும். சைவக் கொள்கைக்காகத் தேனீ மெழுகைத் தவிர்ப்பவர்களும் சோயாவை நாடாமல் சிலிக்கோன் வளையத்துக்கோ மர ஊதுவாய்க்கோ போவது நல்லது.

பத்திக் துணிக்குப் பூசும் மெழுகு இந்தப் பக்கத்தில் கைவினைக் கடைகளில் கிடைக்கும். ஒட்டும், வளையும், பிசின் வாசனையும் அடிக்கும். அதனால் தேன்மெழுகு என்றே நினைக்கத் தோன்றும். பாரஃபினும் மரப்பிசினும் பல விகிதங்களில் கலந்த பொருள் அது. எதை எவ்வளவு கலந்தார்கள் என்று பொட்டலத்தில் எழுதாதவரை வாயில் வைக்க நான் தயாரில்லை.

பல் கம்பி போட்டவர்களுக்காக மருந்துக்கடையில் விற்கும் மெழுகுக் குச்சி வாயில் வைப்பதற்கென்றே செய்தது. முழு ஊதுவாய் செய்ய அளவும் போதாது, விலையும் கட்டாது. ஆனால் நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் விளிம்பு கொஞ்சம் பெயர்ந்துவிட்டால் அடைக்க அதைவிடக் கைக்கடக்கமானது வேறு இல்லை. பையில் ஒரு டப்பா கிடக்கட்டும்.

அப்புறம் கெலுலுட். கொட்டாத கொசுத்தேனீக்களை மலேசியாவில் கெலுலுட் என்று வளர்க்கிறார்கள். அதன் புளிப்புத் தேன் இங்கேயும் விற்கிறது. அந்தக் கூட்டின் பொருள் வெறும் மெழுகு அல்ல, மெழுகும் மரப்பிசினும் கலந்த கருப்புக் கலவை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியதும் அவர்கள் நாட்டுக் கொட்டாத தேனீக்களின் மெழுகைத்தான். எனவே மூலத்துக்கு மிக அருகில் போக விரும்புகிறவர்களுக்குக் கெலுலுட் மீது ஒரு ஆசை வருவது இயல்பு. என் கருத்து: மரக்கருவியின் வாய் ஏற்கெனவே சரியான அளவில் இருந்தால், விளிம்பில் மெல்லிய பூச்சாகக் கெலுலுட் அருமை. அகலமான பிவிசி வாயைச் சுருக்க ஒரு விரல் தடிமனுக்கு அதை வைத்தால் ஒட்டிக்கொண்டு தொல்லை. வாசனையும் எல்லாருக்கும் பிடிக்காது.

கெட்டிப்படுத்த வேண்டுமா?

வீட்டுக்குள் மட்டும் ஊதுகிறவருக்கு வேண்டாம். தனி மஞ்சள் மெழுகே போதும். புளோக்கின் கீழ்த்தளத்திலோ ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ ஊதுகிறவருக்கு வேண்டும்.

இந்தக் கேள்வி நம்மவர்களுக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைக்கு முதலில் மெழுகில்தான் உருவம் செய்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் அந்தக் கலவையில் உண்டு. குங்கிலியம் கெட்டியாக்கும், எண்ணெய் இளக்கும். வேலைக்கும் வெயிலுக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். நாகஸ்வரத்தின் அடிப்பக்கத் துளைகளைச் சுருதிக்காக மெழுகு வைத்து அடைப்பதும், மகுடியின் இரு குழல்களைச் சுரைக்குடுக்கையில் மெழுகால் பொருத்துவதும் இதே கைப்பக்குவம்தான். மெழுகில் சந்தேகம் என்றால் கோயில் மேளக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், "அண்ணே, இந்த மெழுகு தாங்குமா?" என்று. விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்.

சரி, சிராங்கூன் ரோட்டுப் பூசைக்கடையில் குங்கிலியம் கிடைக்கிறதே, வாங்கிக் கலந்தால் என்ன? இரண்டு சிக்கல். ஒன்று, குங்கிலியம் இளக 100 டிகிரிக்கு மேல் வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மெழுகு அந்தச் சூட்டை எட்டாது. நேரடி அடுப்பில் வைத்தால் புகையும் தீ அபாயமும். இரண்டு, புகை போட விற்கும் குங்கிலியத்தில் தூசும் துரும்பும் இருக்கும், வாயில் வைக்கும் தரம் அல்ல. கோயில் குடமுழுக்கில் சிலையைப் பீடத்தில் பதிக்கும் அஷ்டபந்தன மருந்திலும் தேன்மெழுகும் குங்கிலியமும் இருக்கின்றனவே என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்; அதில் சாதிலிங்கமும் சேர்கிறது, அது பாதரசச் சேர்மம்.

குங்கிலியத்துக்குப் பதில் நான் சொல்வது கார்னாபா மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைப்பது, 82 முதல் 86 டிகிரியில் உருகும். மிட்டாய்களுக்குப் பளபளப்பு ஏற்றப் பயன்படுவதால் உணவுத் தரத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பொட்டலத்தில் இ903 என்றிருக்கும். தேன்மெழுகின் எண் இ901. நூறு பங்கு தேன்மெழுகுக்கு ஐந்து பங்கு கார்னாபா போதும். 50 கிராம் கட்டிக்கு இரண்டரை கிராம். கூடினால் மெழுகு கண்ணாடித்தன்மை அடைந்து ஒட்டும் குணத்தை இழந்துவிடும், வெள்ளை மணிகளின் குறை திரும்பி வரும்.

உருக்குவது கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான். நேரடித் தீயில் ஒருபோதும் வேண்டாம். தேன்மெழுகை 85 டிகிரிக்கு மேல் வெகுநேரம் வைத்தால் கறுத்துவிடும், ஆகவே கார்னாபா கரைந்ததும் இறக்கிவிடுங்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் வீட்டில் சமாதானம் நிலைக்கும்.

வடிவம்

மெழுகைவிட வடிவத்தில்தான் பாதி ஓசை இருக்கிறது. இங்கே அவசரப்படக் கூடாது.

பிவிசியின் விளிம்பை முரட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், வெளிப்பக்கமும் ஒரு விரல்கடை வரை. வழுவழுப்பான பிவிசியில் எந்த மெழுகும் நிற்காது. துடைத்துக் காயவைத்து, ஹேர் டிரையரால் விளிம்பை இலேசாகச் சூடாக்குங்கள். பிவிசி 80 டிகிரியை ஒட்டி இளகி வளைந்துவிடும் என்பதால் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்துச் செய்ய வேண்டும்.

மெழுகை வெதுவெதுப்பான நீரில் போட்டு இளக்கி, ஒன்றரை சென்டிமீட்டர் பருமனில் கயிறாகத் திரியுங்கள். விளிம்பின் நடுவட்டத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் கயிறு 14 சென்டிமீட்டர் வேண்டும். எடை 25 கிராமுக்குள் அடங்கும். திரிக்கும்போது உள்ளே தண்ணீர் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த இடத்தில்தான் விரிசல் வரும். விளிம்பில் சுற்றி, இரண்டு முனைகளையும் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தி, இணைப்பு கண்ணுக்குத் தெரியாதவரை தேயுங்கள். வெளிப்பக்கம் கீழ்நோக்கி இழுத்துவிட்ட மெழுகுதான் பிடிமானம். குழாயின் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் வளையம் ஏர்கானில் கழன்றுவிடும்.

அடுத்தது வாயின் அளவு. 30 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். அளவுகோல் இல்லாவிட்டால் சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) காசு போதும். 2013இல் வந்த புது வரிசைக் காசின் விட்டம் 24.65 மில்லிமீட்டர், வாயின் நடுவில் அதைப் பிடித்தால் சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி தெரிய வேண்டும். (காசை உள்ளே விட்டுவிடாதீர்கள். மறுபக்கம் வழியாக வரும், ஆனால் போகிற வழியெல்லாம் மெழுகைக் கீறும்.) வாயைச் சுருக்கினால் எதிரழுத்தம் கூடும், காற்று குறைவாகச் செலவாகும், சுழல் மூச்சு (வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பது) பழகுகிறவருக்கு அவகாசம் கிடைக்கும், தாளக் கட்டுகள் பளிச்சென்று விழும். அகலப்படுத்தினால் ஓசை தடிக்கும், அடித்தொனி நிறையும், ஆனால் மூச்சு பறக்கும். புதியவர்கள் 28க்குப் போகலாம். அதற்குக் கீழே போனால் உதடு அதிர இடம் இல்லாமல் ஓசை நசுங்கிப்போகும்.

உள்பக்கத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. சுருங்கிய வாயிலிருந்து அகலமான குழாய்க்குள் மெழுகு ஒரு படிக்கட்டாக முடிந்தால் காற்று அங்கே சிக்கும், எச்சிலும் தேங்கும். ஈர விரலை உள்ளே விட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து மெல்லியதாக்கி முடியுங்கள். உதடு படும் மேல்விளிம்பு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் அகலமாக, உருண்டையாக இருக்கட்டும். கூர்மையாக விட்டால் கால் மணி நேரத்தில் உதடு மரத்துவிடும். தட்டையாக அகலப்படுத்தினால் காற்று ஓரத்தில் கசியும். வாயின் ஓரத்தில் வைத்து ஊதும் பழக்கம் உள்ளவர்கள் வட்டத்தைச் சற்று நீள்வட்டமாக அழுத்திக்கொள்ளலாம்.

வடிவம் வந்ததும் குளிரவைக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்புதான், அதில் நனைத்துப் பயனில்லை. ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுங்கள். வெளியே ஊதப்போகும்போதும் இதே உபாயம்: ஒரு புட்டியில் குளிர்ந்த நீர் கொண்டுபோய், இடையில் ஊதுவாயை நனைத்துக்கொண்டால் கார்னாபா கலக்காத மெழுகும் ஒரு மணி நேரம் தாங்கும்.

வைத்துக்கொள்வதும் பகிர்வதும்

நிறுத்திவைத்த காருக்குள் கருவியை விடாதீர்கள். வெயிலில் கார் 50 டிகிரியைத் தாண்டும், எந்தக் கலவையும் தப்பாது. ஊதி முடித்ததும் குளிர்ந்த நீரும் துணியும் போதும். கைக்குத் தேய்க்கும் கிருமிநாசினி வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் மெழுகிலிருக்கும் பிசினைக் கரைத்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். சில வாரம் தொடாமல் வைத்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம், தேன்மெழுகின் இயல்பு அது; சூடான துணியால் துடைத்தால் போய்விடும். பச்சையாகவோ கருப்பாகவோ புள்ளி வந்தால் அது எச்சிலிலும் தூசியிலும் வளர்ந்தது, அப்போது மெழுகை மாற்றுங்கள்.

பள்ளியிலோ சமூக மன்றத்திலோ பத்துப் பேருக்குச் சொல்லித்தருகிறவர்கள் ஒரே ஊதுவாயைக் கைமாற்றக் கூடாது, மெழுகைக் கொதிநீரில் கழுவவும் முடியாது. இதற்கு வழி, குழாயின் தலையில் கழற்றி மாட்டக்கூடிய பிவிசி இணைப்புத் துண்டு. ஆளுக்கு ஒரு துண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மெழுகு வைத்து, பேர் எழுதிக் கொடுத்துவிடலாம். துண்டின் விலை பெரிதில்லை. ஒருவர் 28இலும் இன்னொருவர் 32இலும் ஊதிப் பார்த்து ஒப்பிடுவதற்கும் அது வசதி. குழாய் அதேதான், தலை மட்டும் மாறும்.